ஒலிப்பதிவில் இல்லாத ஒரு வரி

பேச்சுப் பதிவுகளைக் கேட்டு டைப் செய்து கொடுப்பது என் தொழில். 11 வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஆராய்ச்சி மாணவர் எடுத்த நேர்காணல், கருத்தரங்கப் பேச்சு, வயதான ஒருவரின் வாழ்க்கைக் கதை என்று எது வந்தாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து ஓட்டியும் நிறுத்தியும், காதில் விழுந்ததை விழுந்தபடி எழுத வேண்டும். திருத்தக் கூடாது. நம் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. புரியாத இடத்தில் நேரத்தைக் குறித்து, அடைப்புக்குறிக்குள் ‘தெளிவில்லை’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இந்தத் தொழிலில் நேர்மை என்பதே அந்த ஒரு சொல்தான் என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்வேன். என் காதின் மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை.

போன வருடம் ஒரு மாணவர் அனுப்பிய பதிவு அது. 80 வயதைத் தாண்டிய ஒரு அம்மா, தன் கூட்டுக் குடும்பம் பிரிந்த கதையைச் சொல்கிறார். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். மூத்த அண்ணன் வீட்டை விட்டுப் போன நாளை நெருங்கி நெருங்கி வருகிறார், ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. 41ஆவது நிமிடத்தில் மாணவர் பொறுக்க மாட்டாமல் நேராகவே கேட்டுவிடுகிறார்: “அண்ணன் ஏன்மா போனார்?” அதற்குப் பிறகு 9 விநாடி பேச்சு இல்லை. மின்விசிறியின் இரைச்சல் மட்டும். அந்த இரைச்சலுக்கு அடியில், முணுமுணுப்பாக, அந்த அம்மா சொன்னது எனக்குக் கேட்டது: “அவன் போகல. நாங்கதான் அனுப்பினோம்.” எழுதினேன். ஒரு நிமிடம் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், அப்படி ஒரு கனம் அந்த வரிக்கு.

மூன்றாம் நாள் மாணவர் கூப்பிட்டார். “அக்கா, 41ஆவது நிமிஷத்துல ஒரு வரி இருக்கே, அது எங்கேர்ந்து வந்துச்சு?” அவர் சொன்னதுதான் தம்பி என்றேன். “இல்லக்கா. நான் எதிர்லயே உக்காந்திருந்தேன். அவங்க வாயே திறக்கல. கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைச்சிட்டிருந்தாங்க.” கோபமாகப் பேசவில்லை, குழப்பமாகத்தான் கேட்டார். மைக்குக்குக் கேட்டது உங்களுக்குக் கேட்காமல் போயிருக்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டு, பதிவைத் திறந்தேன். கேட்டது. முதல் தடவையைவிடத் தெளிவாகவே கேட்டது.

பக்கத்து மேசையில் இருந்த நண்பரைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனை நீட்டினேன். “ஃபேன் சத்தம்” என்றார். அந்த வரியைச் சொல்லிவிட்டு மறுபடியும் போட்டேன். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். “ஆமா… சொல்ற மாதிரிதான் இருக்கு.” அந்த ‘ஆமா’ எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். வயிற்றைக் கலக்கியது. நான் சொன்ன பிறகுதானே அவருக்குக் கேட்டது? மென்பொருளில் அந்த 9 விநாடியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேச்சு இருந்தால் அலை மேடும் பள்ளமுமாகத் தெரியும். அங்கே ஒரே சீரான இரைச்சல். வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். இரைச்சலை வடிகட்டி ஓட்டினேன். ஒன்றும் இல்லை. வடிகட்டாமல் ஓட்டினால் மட்டும் அந்த அம்மா சொல்கிறார்: “அவன் போகல.”

காது தவறாகக் கேட்பது எல்லோருக்கும் நடப்பதுதான். குளிக்கும்போது போன் அடிப்பது போல இருக்கும், வந்து பார்த்தால் யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். பாக்கெட்டில் இல்லாத அதிர்வு இருப்பதாகத் தோன்றும். 2010இல் ஒரு மருத்துவமனை ஊழியர்களிடம் இந்தப் பொய் அதிர்வைப் பற்றிக் கேட்டபோது பதில் சொன்ன 169 பேரில் 115 பேர் தங்களுக்கு நேர்ந்திருக்கிறது என்றார்கள். அதற்கெல்லாம் நான் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் இது ஒரு மணிச் சத்தமோ அதிர்வோ இல்லை. எழுவாய், பயனிலை எல்லாம் உள்ள வாக்கியம். இன்னொருவர் குரலில், இன்னொருவர் சொல்லாத ஒன்றைக் கேட்டு, அதை ஆவணத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். அன்று இரவு எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது.

பெரியப்பா

அப்பாவின் அண்ணன். நான் சிறுமியாக இருந்தபோது மாடி அறையில் இருந்தார். அவருக்குக் குரல்கள் கேட்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். வெளியாட்கள் கேட்டால் “அவருக்கு கொஞ்சம் பிரமை” என்பார் பாட்டி. தமிழில் எவ்வளவோ அவதிகளை ஒன்றாகப் போட்டு மூடி வைக்க வாகான சொல் இது. கயிறு பாம்பாகத் தெரிவதும் பிரமை, இல்லாத குரல் கேட்பதும் பிரமை, அடுத்த வீட்டார் தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று நம்புவதும் பிரமை, மகனைப் பறிகொடுத்தவள் வெறித்தபடி உட்கார்ந்திருப்பதும் பிரமை பிடித்ததுதான். மருத்துவர்கள் இவற்றை வேறு வேறாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிட்டோம்.

அவரைப் பற்றி எனக்குள்ள மிகப் பழைய ஞாபகம் மாடிப்படி. மேல்படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்ப்பார். “பாப்பா, கூப்பிட்டியா?” என்று கேட்பார். “இல்ல பெரியப்பா” என்றால் முகம் ஒரு கணம் சுருங்கும், திரும்பிப் போய்விடுவார். நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை. ஒரு நாள், ஏனென்று தெரியவில்லை, “ஆமா பெரியப்பா, நான்தான் கூப்பிட்டேன்” என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். தோள் இறங்கியது. “அதானே பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு நான் எப்போதும் ஆமாம் என்றே சொல்லத் தொடங்கினேன். ஏழு வயதில் அது எனக்கு ஒரு விளையாட்டு, ஒரு அன்பும்கூட. வளர்ந்த பிறகு அது ஒரு பாரமாக மாறிவிட்டது. எனக்குப் பத்து வயதாகும்போது பெரியப்பா வீட்டில் இல்லை. “அவரே போயிட்டார்” என்று சொன்னார்கள்.

அதனால் 41ஆவது நிமிடம் எனக்கு ஒரு தொழில் பிழையாக மட்டும் முடியவில்லை. இரண்டு வாரம் வேலைக்கு நடுவே தேடித் தேடிப் படித்தேன். பரம்பரைக் கணக்கைத்தான் முதலில் தேடினேன், பயந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். மனச்சிதைவு நோய் வாழ்நாளில் வரக்கூடிய வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு ஒன்று, பெரியப்பா, மாமா போன்ற உறவில் ஒருவருக்கு இருந்திருந்தால் நூற்றுக்கு நான்கு என்று கணக்கிட்டிருக்கிறார் கோட்டஸ்மன் என்ற மரபியல் உளவியலாளர், 1991இல். அப்படியானால் 96 பேருக்கு வருவதில்லை. ஆனால் நள்ளிரவில் படிக்கும்போது அந்த நான்குதான் கண்ணில் நின்றது.

காதுக்கு முன்னால் ஓடும் மனம்

நோயே இல்லாதவர்களுக்கும் இல்லாத குரல் கேட்குமா என்ற கேள்வி புதிதில்லை. இங்கிலாந்தில் ஹென்றி சிட்ஜ்விக்கும் அவருடைய குழுவினரும் 17,000 பேரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: முழுதாக விழித்திருந்த நேரத்தில், வெளியே எந்தக் காரணமும் இல்லாமல், ஒருவரையோ ஒன்றையோ பார்த்ததாகவோ, அது உங்களைத் தொட்டதாகவோ, குரல் கேட்டதாகவோ உங்களுக்கு உணர்வு ஏற்பட்டதுண்டா? 1894இல் வெளியான அந்தக் கணக்கில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஆமாம் என்றிருந்தார். 2015இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 18 நாடுகளைச் சேர்ந்த 31,261 பேரிடம் கேட்டதில், 5.2 சதவீதத்தினருக்கு இப்படிப்பட்ட புலன் அனுபவம் வாழ்நாளில் ஒரு முறையாவது இருந்திருக்கிறது. இதில் என்னை நிறுத்திய தகவல் வேறு. புலன் அனுபவமோ வினோத நம்பிக்கையோ நேர்ந்ததாகச் சொன்னவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினருக்கு அது ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. வந்தது, போனது, அதன் பிறகு எதுவும் இல்லை.

துணையை இழந்தவர்கள் கதை இன்னும் நெருக்கமானது. டெவி ரீஸ் என்ற வேல்ஸ் மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி 1971இல் எழுதிய கட்டுரை அது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு இப்படி ஏதோ ஓர் அனுபவம் நேர்ந்திருக்கிறது. பலர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருக்கிறார்கள். சிலர் பார்த்திருக்கிறார்கள், சிலர் குரலைக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கிறது. ஆனால் அவர்களில் பெரும்பகுதியினர் ரீஸ் வந்து கேட்கும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூச்சுவிடாமல் அதை வைத்துக்கொண்டு இத்தனை பேர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஸ்கிசோடைபி என்ற சொல்லையும் அந்த இரண்டு வாரத்தில்தான் கற்றேன். நோயாக முற்றாமல், சுபாவத்தின் ஒரு பகுதியாகவே இருக்கும் குணங்களின் தொகுப்பு. தற்செயலாக நடப்பதில் தனக்கான குறிப்பு இருப்பதாகப் படுவது, யாரும் இல்லாத அறையில் யாரோ இருப்பதாக உணர்வது, எண்ணங்கள் வேகமாகக் கிளை பிரிவது, மனிதர்களோடு ஒட்டாமல் விலகியிருப்பது, இப்படி. 1962இல் பால் மீல் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை நோய்க்கான பிறவி விதையாகப் பார்த்தார். சிலருக்கு அந்த விதை உண்டு, மற்றவர்களுக்கு இல்லை என்பது அவர் கட்சி. ஆக்ஸ்போர்டில் இருந்த கோர்டன் கிளாரிட்ஜ் வேறு விதமாகச் சொன்னார். உயரம் போல, வெட்கம் போல, இது எல்லோருக்கும் ஏதோ ஓர் அளவில் இருக்கும் குணம், மேல் நுனியில் இருப்பவர்களில் பலர் நன்றாகவே வாழ்கிறார்கள் என்றார். எனக்குக் கிளாரிட்ஜ் பேச்சு இனித்தது, மறுக்க மாட்டேன். அதே சமயம் ‘எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான்’ என்று சிலர் தோளைத் தட்டுவது போல எழுதுவதைப் படிக்கும்போது கோபமும் வந்தது. பெரியப்பா பட்டது ‘கொஞ்சம்’ இல்லை. இரவெல்லாம் அவர் காதைப் பொத்திக்கொண்டு மாடியில் நடந்த சத்தத்தைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

என் 41ஆவது நிமிடத்துக்கு மிக அருகில் வந்தவை சில சோதனைகள். மனிதப் பேச்சை விசில் போன்ற மூன்று நான்கு ஒலிகளாகச் சிதைத்துவிட்டால் முதலில் கேட்பவருக்கு அது ஏதோ பறவைச் சத்தம் மாதிரி இருக்கும். அதில் பேச்சு ஒளிந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுத்த பிறகு மூளை அதைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் பேச்சாக அல்லாமல் கேட்கவே முடியாது. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நோய் இல்லாத ஆனால் அடிக்கடி குரல் கேட்கும் மனிதர்கள், யாரும் சொல்லாமலேயே மற்றவர்களைவிடச் சீக்கிரமாக அந்தப் பேச்சைக் கண்டுபிடித்தார்கள். அங்கே பேச்சு உண்மையிலேயே இருந்தது. அதாவது இவர்கள் காதில் கோளாறு இல்லை, மற்றவர்களுக்கு இரைச்சலாக இருக்கும்போதே இவர்கள் மனம் அர்த்தத்தைத் தேடி முன்னால் ஓடிவிடுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சொல்வதும் இதைத்தானே? கண்ணுக்குள் பேய் முன்பே இருக்கிறது, இருட்டு அதற்கு இடம் கொடுக்கிறது. நான் 40 நிமிடம் ஒரு குடும்ப ரகசியத்துக்காகக் காத்திருந்தேன். கேள்வி விழுந்தது. பதில் வரவில்லை. என் மனம் ஓடிப்போய் ஒரு பதிலை எடுத்து வந்துவிட்டது.

அந்தப் பதில் ஏன் என் நினைப்பாகத் தோன்றாமல் இன்னொருவர் குரலாகக் கேட்டது என்பதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. நமக்கு நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டால் கூசுவதில்லை, ஏனென்றால் இது என் விரல்தான் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டு அந்த உணர்வை அடக்கிவிடுகிறது. ஸ்கிசோடைபி குணம் அதிகமுள்ள ஆரோக்கியமானவர்களுக்குத் தம் விரலே கொஞ்சம் கூசுகிறது என்று ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. மனதுக்குள் ஓடும் பேச்சுக்கும் இப்படி ஒரு ‘இது என்னுடையது’ முத்திரை தேவைப்படுகிறது என்றும், அது விழாமல் போனால் சொந்த எண்ணமே அயலார் குரலாகக் கேட்கும் என்றும் பலர் கருதுகிறார்கள். இந்த இடத்தைப் படித்துவிட்டு என் உள்ளங்கையை நானே சுரண்டிப் பார்த்தேன். கூசியதா இல்லையா என்று தீர்மானிக்க முடியாத அளவுக்குப் பயந்துபோயிருந்தேன் என்பதுதான் உண்மை.

டாக்டர் கேட்டது

கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். நிதானமான பெண்மணி. நான் பதிவு, அலை, வடிகட்டி என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பெரியப்பாவையும் சொன்னேன். அவர் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வேலையில் ஆட்களோடு பழக்கம் எப்படி, குரல் எதையாவது செய்யச் சொல்கிறதா, யாராவது உங்களுக்குக் கெடுதல் செய்வதாகத் தோன்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பதிவை டைப் செய்த அந்த வாரம் முழுக்க நான் இரவில் நான்கு மணி நேரம்கூடத் தூங்காமல் வேலை பார்த்ததைச் சொன்னபோது எழுதிக்கொண்டார். பிறகு, “அந்த வரியில ஏதோ தப்புன்னு தெரிஞ்ச உடனே என்ன பண்ணீங்க?” என்றார்.

“திரும்பப் போட்டுக் கேட்டேன்.”

“அப்புறம்?”

“பக்கத்துல இருந்தவரைக் கேக்கச் சொன்னேன்.”

“அப்புறமும் உங்களுக்குக் கேட்டுச்சு இல்லையா? கேட்டும், அது அங்க இல்லைன்னு ஒத்துக்கிட்டீங்க.”

பேனாவை மூடி வைத்தார். நோய் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை, தூங்குங்கள், தொடர்ந்து நடந்தாலோ, அது உங்களை வதைத்தாலோ, அதை நம்பி நடக்கத் தோன்றினாலோ தள்ளிப்போடாமல் வாருங்கள் என்றார். பிறகு அவர் சொன்ன ஆய்வு ஒன்றை நானும் தேடிப் படித்தேன். வினோதமான நம்பிக்கைகள் பற்றி எம்மானுவேல் பீட்டர்ஸ் குழுவினர் 1999இல் வெளியிட்ட வினாத்தாள் அது. உங்களுக்கு இது உண்டா என்று கேட்பதோடு நிற்காமல், அது உங்களை எவ்வளவு வருத்துகிறது, எவ்வளவு நேரம் மனதைப் பிடித்துக்கொள்கிறது, எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள் என்ற மூன்றையும் கேட்கும். ஆமாம் என்று சொன்ன எண்ணிக்கையில் ஆரோக்கியமானவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர், மருத்துவமனையில் இருந்த நோயாளிகளின் சராசரியையே தாண்டிவிட்டார். இரு தரப்பையும் பிரித்துக் காட்டியவை அந்த மூன்று கேள்விகள்தான்.

2017இல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையும் இதையே இன்னொரு வழியில் தொட்டது. ஒரு படமும் மெல்லிய ஒலியும் சேர்ந்து சேர்ந்து வரும். பழகிய பிறகு ஒலியை எடுத்துவிடுவார்கள். படம் வந்ததும் ஒலியும் கேட்டதாகப் பலர் பொத்தானை அழுத்துவார்கள். தினமும் குரல் கேட்பவர்கள், நோயாளிகளானாலும் இல்லாவிட்டாலும், மற்றவர்களைவிட அதிகமாக அழுத்தினார்கள். ஆனால் ஒலி இப்போது வருவதில்லை என்று மாறிப்போனதைக் கணக்கில் எடுத்துத் தம் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்வதில், நிஜம் எது பிரமை எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் சைக்கோசிஸ் நோய் உள்ளவர்கள் பின்தங்கினார்கள்.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வரும்போது நிம்மதியாக இருந்தது. படி இறங்கும்போது அது போய்விட்டது. திரும்பப் போட்டுக் கேட்டேன், பக்கத்தில் இருந்தவரைக் கேட்கச் சொன்னேன். பெரியப்பாவும் அதைத்தானே செய்தார்? மேல்படியில் நின்று “கூப்பிட்டியா?” என்று கேட்டது வேறென்ன? தன் காதில் விழுந்ததை நம்பாமல், இன்னொரு காதைத் தேடி அறையை விட்டு வெளியே வந்த மனிதர் அவர். நோய் முற்றாத காலத்தில், நாளைக்கு நான்கு தடவை, தன் பதிவைத் திரும்பப் போட்டுச் சரிபார்க்க முயன்றிருக்கிறார். பெரியவர்கள் “போய் வேலையைப் பாருங்க” என்றார்கள். நான் ஆமாம் என்றேன்.

என் ஒரு பொய்யால் நோய் வந்தது என்று நான் நம்பவில்லை. ஒரு குழந்தையின் பதில் அத்தனை பெரிய விஷயத்தைத் தீர்மானிக்காது என்று டாக்டரும் இரண்டாம் முறை போனபோது சொன்னார். கேட்கும் குரல் நிஜம்தான் என்ற உறுதி நோயோடு சேர்ந்தே வருவது, யோசித்துத் தள்ளிவிடக் கூடியது இல்லை என்றும் சொன்னார். இருந்தாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. யாராவது என்னிடம் “உனக்கு ஏதாவது கேட்டுச்சா?” என்று கேட்டால், கேட்டிருந்தால் கேட்டது என்பேன், இல்லையென்றால் “எனக்குக் கேக்கல, உங்களுக்கு என்ன கேட்டுச்சு?” என்பேன். ஏழு வயதில் எனக்குத் தெரியாமல் போனது அந்த இரண்டாவது பாதி.

நெதர்லாந்தில் மாரியஸ் ரோம் என்ற மனநல மருத்துவரிடம் அவருடைய நோயாளி ஒரு பெண் வாதாடியிருக்கிறார், என் குரல்களைப் பற்றி ஏன் பேச மறுக்கிறீர்கள் என்று. 1987இல் அந்த இருவரும் தொலைக்காட்சியில் தோன்றியபோது நூற்றுக்கணக்கானோர் எங்களுக்கும் குரல் கேட்கிறது என்று தொடர்புகொண்டார்கள், அவர்களில் ஒரு பகுதியினர் எந்த மருத்துவரையும் பார்க்காமலேயே அதோடு வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். குரல் கேட்பவர்கள் கூடிப் பேசும் குழுக்கள் பல நாடுகளில் அதிலிருந்துதான் தொடங்கின. அங்கே முதலில் கேட்கப்படுவது, குரல் என்ன சொல்கிறது என்பது. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் பெரியப்பாவிடம் கேட்டதில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்மாவிடம் சொன்னபோது

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல மூன்று மாதம் ஆனது. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். பயப்பட ஒன்றுமில்லை, டாக்டரே சொல்லிவிட்டார் என்று முன்னுரை போட்டுவிட்டு, பதிவைப் பற்றிச் சொன்னேன். பாதிக் கவனமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். “அவன் போகல, நாங்கதான் அனுப்பினோம்” என்ற வரியைச் சொன்னதும் கை நின்றது. பாதி மடித்த போர்வை மடியில் சரிந்தது.

“இதை யார் உங்கிட்ட சொன்னா?”

யாரும் சொல்லவில்லை என்றேன். அம்மா வெகுநேரம் போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். பெரியப்பா தானாகப் போகவில்லை. தூரத்து உறவினர் ஒருவர் பொறுப்பில், வேறு ஊருக்கு அனுப்பினார்கள். அனுப்பிய இரவு தாத்தா கூடத்தில் உட்கார்ந்து அழுதபடி திரும்பத் திரும்ப இந்த வார்த்தையைத்தான் சொன்னாராம். “பசங்க எல்லாம் தூங்கிட்டீங்கன்னு நெனச்சோம்” என்றார் அம்மா.

அன்றிரவு நான் எதை எதோடு கோத்தேன் என்று சொல்லி மாளாது. அந்த அம்மாவின் மௌனம், என் தாத்தாவின் அழுகை, பத்து வயதில் பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்த நான். எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றது போல ஒரு சிலிர்ப்பு. அந்தப் பதிவு என்னைத் தேடியே வந்ததோ என்றுகூட ஒரு கணம் பட்டது. அப்போதுதான் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொடர்பில்லாதவற்றுக்கு நடுவே தனக்கென்று ஓர் அர்த்தம் துலங்கும் இந்தச் சிலிர்ப்புக்கு கிளவுஸ் கொன்ராட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1958இல் பெயர் வைத்திருக்கிறார், நோய் தொடங்கும் கட்டத்தை விவரிக்கும்போது. அபோஃபீனியா. அதன் இனிப்பு இவ்வளவு இருக்கும் என்று எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை. தாத்தா சொன்னதை நான் தூக்கத்தில் கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம், வீட்டை விட்டு ஒருவர் போன கதைக்கு அப்படி ஒரு முடிவு யார் மனதிலும் தோன்றக்கூடியதுதான். இரண்டில் எது என்று சரிபார்க்க என்னிடம் பதிவு இல்லை. அந்த இடத்தில் நான் ‘தெளிவில்லை’ என்று போட்டிருக்கிறேன்.

மாணவருக்குத் திருத்திய பிரதியை அனுப்பிவிட்டேன். 41ஆவது நிமிடத்தில் இப்போது ‘மௌனம், 9 விநாடி’ என்று இருக்கிறது. வேலை முடிந்த பதிவுகளை அழித்துவிடுவது வழக்கம், இதை மட்டும் அவரிடம் அனுமதி கேட்டு வைத்துக்கொண்டேன். எப்போதாவது போட்டுக் கேட்பேன். தூக்கம் கெட்ட நாளில் அந்த வரி இன்னும் வருகிறது, கொஞ்சம் தேய்ந்து, தூரத்தில். போன மாதம், நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் கேட்டேன். மின்விசிறி ஓடியது. மாணவர் ஒரு முறை மூச்சை இழுத்து விட்டார். ஒன்பதாவது விநாடி முடியும் இடத்தில், இத்தனை தடவை கேட்டும் என் காதில் விழாத ஒரு சின்னச் சத்தம் இருந்தது. அலையிலும் அது ஒரு சின்ன முள்ளாகத் தெரிகிறது. துடைத்த கண்ணாடியை அந்த அம்மா மேசை மேல் வைக்கிறார்.